மன்னருக்குச் சத்தியம்: கனடாவின் அடையாளத்தில் பிரித்தானியாவுக்கு எவ்வளவு பங்கு?

பனையோலை (ஸ்காபரோ)

வணக்கம் உறவுகளே.

அம்மாவுக்கு வாற மாதம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். எழுபது வயது தாண்டியதால் பரீட்சை இல்லை, உறுதிமொழி மட்டும்தான். நேற்று இரவு குசினி மேசையில் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அம்மா திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். "கனடாவின் மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் அவர்களுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் பிறக்கேக்க எங்களுக்கு ராணிதான். விளிம்பு வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற ரெண்டு சதக் குத்தியில அவவின்ரை தலை இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயசு நடக்கேக்க, எழுபத்திரண்டில, ராணி வேண்டாம் எண்டு குடியரசாக்கினாங்கள். இப்ப இஞ்ச வந்து அவவின்ரை மகனுக்குச் சத்தியம் பண்ணோணுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் சத்தியம் செய்தபோது ராணியின் பெயரை வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். அன்றைக்கு எதுவும் தடக்கவில்லை. அம்மா நிறுத்திய பிறகுதான் எனக்கும் தடக்குகிறது.

நான் இருக்கும் ஊரின் பெயரையே எடுங்கள். 1793இல் மேல் கனடாவின், அதாவது இன்றைய ஒன்ராறியோவின், துணை ஆளுநராக இருந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கும் வெளிறிய மண்மேடுகளைப் பார்த்துவிட்டு, தன் நாட்டில் யோர்க்‌ஷயரில் இருக்கும் ஸ்காபரோ போல இருக்கிறது என்றார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் நாங்கள் இடியப்பக் கடைக்கும் கோயிலுக்கும் வழி காட்டுகிறோம். ரொறன்ரோவையே அதே வருடம் யோர்க் ஆக்கினார்கள். பழைய பெயர் திரும்பி வர 1834 ஆனது. 401இல் ஏறும்போது பலகையில் இலக்கத்துக்கு மேலே சின்னதாக ஒரு மணிமுடி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சட்டத்தில் அது இன்றும் மன்னரின் பெருந்தெரு. குளிர் போய்விட்டது என்று நாங்கள் தோட்டத்தில் இறங்குவதும் விக்டோரியா ராணியின் பிறந்தநாள் விடுமுறையோடுதான்.

இது மேலே பூசிய சாயம், சுரண்டினால் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அத்திவாரம் போலத் தெரிகிறது. அமெரிக்கா மன்னரை உதறியபோது, உதற மனமில்லாத 40,000க்கும் மேற்பட்டவர்கள் வடக்கே வந்தார்கள். அவர்களுக்காகவே 1784இல் நியூ பிரன்ஸ்விக் பிரிந்தது, 1791இல் மேல் கனடா உண்டானது. அவர்களும் அகதிகள்தான். தோற்ற பக்கத்தில் நின்றதற்காக வீடும் காணியும் பறிபோய்த் துரத்தப்பட்டவர்கள். ஆங்கிலக் கனடா பிறந்ததே "நாங்கள் அமெரிக்கர் ஆகமாட்டோம்" என்ற முடிவில்தான், அந்த முடிவுக்கு அவர்களிடம் இருந்த சொல் "மன்னர்". 2025இல் ட்ரம்ப் கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் என்று பேசிக்கொண்டிருந்தபோது கனடா என்ன செய்தது? சார்ள்ஸ் மன்னரை ஒட்டாவாவுக்கு அழைத்தது. மே 27ஆம் திகதி செனட்டில் அவரே சிம்மாசன உரையை வாசித்தார். 1977க்குப் பிறகு முடி சூடிய ஒருவர் அதை நேரில் வாசித்தது அன்றைக்குத்தான். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அதே சொல்லைத்தான் திரும்ப எடுத்தார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?

வெண்பனி (மிசிசாகா)

அண்ணா, அம்மாவின் கேள்வி என் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான். நான் அவர்களுக்குக் கொடியின் கதையைச் சொல்வேன்.

1965 பெப்ரவரி 15 வரைக்கும் இந்த நாட்டுக்கு மேப்பிள் இலைக் கொடி கிடையாது. மூலையில் யூனியன் ஜாக், அதாவது பிரித்தானியக் கொடி, வைத்த சிவப்புக் கொடிதான் பறந்தது. பிரதமர் லெஸ்டர் பியர்சன் அதை மாற்றப்போவதாக அறிவிக்க எங்கே போனார் தெரியுமா? 1964 மே மாதம் வினிப்பெக்கில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்கு. அந்தக் கொடியின் கீழ் சண்டை போட்டு, தோழர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் முன்னால் நின்று சொன்னார். கூச்சல் போட்டார்கள். மறைவாகச் செய்யாமல் மிகவும் வலிக்கப்போகிறவர்களிடம் நேரே போய்ச் சொன்ன அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். பிறகு பாராளுமன்றத்தில் மாதக்கணக்கில் விவாதம். எதிர்க்கட்சித் தலைவர் டீஃபன்பேக்கர் விடவேயில்லை. டிசம்பர் 15 அதிகாலையில் 163க்கு 78 என்று முடிந்தது.

தோற்றவர்கள் அதோடு ஓயவில்லை. நாட்டின் கொடி மாறிய மூன்றே மாதத்தில், 1965 மே 21ஆம் திகதி, ஒன்ராறியோ அந்தப் பழைய சிவப்புக் கொடியைத் தன் மாகாணச் சின்னத்தோடு சொந்தக் கொடியாக்கியது. அடுத்த வருடம் மனிட்டோபாவும் அப்படியே செய்தது. என் பள்ளிக்கூட வாசலில் இரண்டு கம்பம் நிற்கிறது. ஒன்றில் மேப்பிள் இலை, மற்றதில் யூனியன் ஜாக். பிள்ளைகள் தினமும் அந்த இரண்டுக்கும் நடுவால்தான் உள்ளே வருகிறார்கள். அந்த வாக்கெடுப்பின் இரண்டு பக்கமும் இன்னும் அங்கேயே நிற்பதாக எனக்குத் தோன்றும்.

அத்திவாரம் என்கிறீர்கள், சரி. ஆனால் அதன் மேல் எழும்பிய வீட்டைக் கட்டியவர்கள் வேறு பலர். 1947 ஜனவரி 1 வரைக்கும் "கனடியக் குடிமகன்" என்ற ஆளே சட்டத்தில் முழுசாக இல்லை, எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள்தான். எண்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இருமொழிச் சட்டம் 1969, பல்பண்பாட்டுக் கொள்கை 1971, உரிமைகள் சாசனம் 1982. இன்றைக்கு ஒரு கனடியப் பிள்ளையிடம் "உன் நாடு என்றால் என்ன" என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்லும். சிம்கோவை அதற்குத் தெரியாது, அதெல்லாம் பழைய சாயம்தான்.

மொன்றியல் மழை

வணக்கம். ரொறன்ரோக்காரர் "கனடா" என்று எழுதும்போதெல்லாம் ஒன்ராறியோவைத்தான் நினைக்கிறார்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"கனடியர்" என்ற பெயரே முதலில் யாருடையது? பிரெஞ்சு பேசியவர்களுடையது. 1759இல் கியூபெக் நகரத்துக்கு வெளியே ஏபிரகாம் சமவெளியில் தோற்றவர்கள்தான் தங்களைக் கனடியர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தங்களைப் பிரித்தானியர் என்றார்கள். தேசிய கீதத்தை எடுங்கள். 1880இல் கியூபெக்கில் புனித ஜோன் பப்டிஸ்ட் விழாவுக்காக லவல்லே இசையமைத்து, ரூத்தியே பிரெஞ்சில் எழுதியது. அது சட்டப்படி நாட்டின் கீதமாக நூறு வருடம் எடுத்தது, 1980 ஜூலை 1. மேப்பிள் இலையும் பீவரும்கூட பிரெஞ்சுக் கனடியர் முன்னமே சின்னமாக வைத்திருந்தவை. பிரித்தானியச் சாயம் கழுவப்பட்டபோது நாடு போட்டுக்கொண்டது எங்கள் பக்கத்து உடுப்பைத்தான். அதைச் சொல்ல ஏன் எல்லோருக்கும் தயக்கம்?

நீங்கள் விக்டோரியா நாள் என்று தோட்டம் கொத்தும் அதே திங்கட்கிழமை இங்கே தேசபக்தர் நாள். 2003இலிருந்து அந்தப் பெயரில் கொண்டாடுகிறார்கள். 1837, 1838இல் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்களின் நினைவு. பன்னிரண்டு பேரை மொன்றியலில் தூக்கில் போட்டார்கள், ஐம்பத்தெட்டுப் பேரை அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஒரே விடுமுறை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராணிக்கு, இந்தப் பக்கம் அந்த ராணியின் படைகள் தூக்கிலிட்டவர்களுக்கு.

என் கார் இலக்கத்தகட்டில் மூன்று பிரெஞ்சுச் சொல் இருக்கிறது, "எனக்கு நினைவிருக்கிறது" என்று அர்த்தம். வந்த புதிதில் அது ஏதோ சுற்றுலா வாசகம் என்று நினைத்தேன். மகன் ஆறாம் வகுப்பில் வரலாறு படிக்க, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் சேர்ந்து படித்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. 1917இல் கட்டாய ஆட்சேர்ப்பு வந்தபோது "இது பிரித்தானியாவின் சண்டை, எங்களுடையது இல்லை" என்று இங்கே தெருவில் இறங்கினார்கள். ஒன்ராறியோவில் அதற்கு முந்தின வருடம்தான் பெர்லின் என்ற ஊரின் பெயரைப் பிரித்தானியத் தளபதியின் பெயரால் கிச்சனர் என்று மாற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே நாடு, ஒரே போர்.

பனையோலை, உங்கள் அம்மா தயங்கிய அதே இடத்தில் இங்கே சட்டமன்ற உறுப்பினர்களே நின்றார்கள். 2022 தேர்தலுக்குப் பிறகு சிலர் மன்னருக்குச் சத்தியம் செய்ய மறுத்தார்கள். டிசம்பரில் அது கட்டாயமில்லை என்று சட்டமே வந்தது. அம்மாவின் தயக்கம் இந்த நாட்டுக்குப் புதிது இல்லை என்று சொல்லுங்கள்.

பனையோலை (ஸ்காபரோ)

மொன்றியல் மழை, நன்றி. அம்மாவுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "அப்ப அவைக்கும் எங்களை மாதிரித்தான்" என்றார். ஆங்கிலக் கனடாவை மட்டும் வைத்துப் பேசியது என் பிழை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 1774இன் கியூபெக் சட்டம் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தையும் கத்தோலிக்க மதத்தையும் விட்டுவைத்ததே. அதுவும் லண்டன் செய்ததுதானே?

மொன்றியல் மழை

விட்டுவைத்தது உண்மை. தெற்கே பதின்மூன்று குடியேற்றங்களும் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கேயும் நெருப்புப் பற்றக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. அறுபத்தைந்து வருடம் கழித்து, 1839இல், அதே லண்டன் அனுப்பிய டர்ஹாம் பிரபு என்ன எழுதினார்? இவர்களுக்கு வரலாறும் இல்லை இலக்கியமும் இல்லை, ஆங்கிலேயரோடு கரைத்துவிடுவதே நல்லது என்று. கொடுத்ததையும் சொல்லுவோம், எடுக்கப் பார்த்ததையும் சொல்லுவோம்.

வழக்காடி

கொடியும் விடுமுறையும் கண்ணுக்குத் தெரிபவை. பிரித்தானியா இந்த நாட்டில் ஆழமாக இறங்கியது சட்டத்தில். நான் அந்தத் தொழிலில் இருப்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

1949 வரைக்கும் கனடாவின் கடைசி நீதிமன்றம் ஒட்டாவாவில் இல்லை, லண்டனில் இருந்தது. கோமறைக் கழகம் என்று ஊரில் படித்திருப்போம். 1928இல் கனடிய உச்ச நீதிமன்றம், செனட்டுக்கு நியமிக்கத் தகுதியான "ஆட்கள்" என்ற சொல்லில் பெண்கள் அடங்கமாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. அல்பேர்ட்டாவின் ஐந்து பெண்கள் வழக்கை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1929 ஒக்டோபர் 18ஆம் திகதி சாங்கி பிரபு அதைப் புரட்டிப்போட்டார். கனடாவின் அரசியலமைப்பு வளரக்கூடிய உயிருள்ள மரம் என்று அவர் எழுதிய வரியை இன்றைக்கும் இங்கே நீதிபதிகள் எடுத்தாளுகிறார்கள். உரிமைகள் சாசனத்தை விரிவாகப் படிக்கும் முறைக்கே அது வேர்.

அதே கழகம் 1937இல் பொருளாதார மந்தத்தில் தவித்த தொழிலாளருக்காக ஒட்டாவா கொண்டுவந்த சட்டங்களை, அது மாகாணங்களின் அதிகாரம் என்று அடித்து விழுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக லண்டன் என்றால் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அம்மாவின் 1972 பற்றி எனக்கு ஒன்று சொல்ல இருக்கிறது. இலங்கை ராணியை விட்டபோது கூடவே என்ன போனது? சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டம் செய்யக்கூடாது என்ற அந்த ஒரே வேலி. சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரசாங்க ஊழியர் தன் வழக்கை லண்டன் வரை கொண்டுபோனார். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியும் என்று 1969இல் கோமறைக் கழகம் சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்த மேன்முறையீட்டு வழியே மூடப்பட்டது. முடியைக் கழற்றினால் விடுதலை வந்துவிடும் என்று நம்ப எங்கள் அனுபவம் இடம் தரவில்லை. அந்த இடத்தில் யார் என்ன வைக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இங்கே அதைக் கழற்றுவதும் லேசு இல்லை. 1982 அரசியலமைப்பின் 41ஆம் பிரிவுப்படி பாராளுமன்றமும் பத்து மாகாணங்களும் ஒன்றாக ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த 1982 கடதாசியையே கியூபெக் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 17ஆம் திகதி ஒட்டாவாவில் ராணி மழையில் கையெழுத்திட்டார், மூலப்பத்திரத்தில் மழைத்துளி பட்டுக் கலங்கிய அடையாளம் இன்னும் இருக்கிறது. அதே நாளில் கியூபெக்கில் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.

மலைச்சாரல்

வழக்காடி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 29ஆம் பிரிவு வேலி என்கிறீர்கள். 1948இலேயே எங்கள் தாத்தா பாட்டிகளின் குடியுரிமையைப் பிடுங்கினார்களே, அப்போதும் அந்த வேலி நின்றதுதானே? வழக்கு லண்டனுக்குப் போனது. 1953இல் அதே கோமறைக் கழகம் சட்டம் செல்லும் என்றது. கோடீஸ்வரனைக் கேட்ட காது எங்களைக் கேட்கவில்லை. அந்த மலைக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டதும் அதே பிரித்தானியாதான்.

கனடாவின் கதைக்கும் இதில் தொடர்பு இருக்கிறது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கடைத் தட்டில் சலாடா தேயிலைப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பீட்டர் லார்க்கின் என்ற கனடியர் 1892இல் தொடங்கியது. "சிலோன் டீ" என்று சொல்லித்தான் விற்றார்கள். அவர் பிறகு லண்டனில் கனடாவின் உயர் ஸ்தானிகராகவே இருந்தார். ஆங்கிலக் கனடா தன்னைப் பிரித்தானியர் என்று உணர்ந்தது பாராளுமன்றத்தில் மட்டுமா? பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் கேத்தல் கொதித்தபோதும்தான். அந்தக் கேத்தலில் விழுந்த கொழுந்தைப் பறித்தது என் பாட்டியின் அம்மாவின் கை. சாம்ராஜ்யம் என்று பேசும்போது அந்தக் கையையும் கணக்கில் வையுங்கள். இதைப் பல வருடமாக யாரிடமாவது சொல்ல நினைத்திருந்தேன்.

வழக்காடி

மலைச்சாரல், 1953 தீர்ப்பை நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது. நீங்கள் சொன்னது சரி.

வடபழனி (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில இருந்து வந்தவன், ஈழத்து உறவுகளோட வரலாறு முழுசா தெரியாது. தப்பா சொன்னா திருத்துங்க.

1947 வரை எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைதான்னு வெண்பனி மேடம் சொன்னாங்க. அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்துச்சுன்னு வான்கூவர் துறைமுகத்துல போய் நின்னா தெரியும். 1914 மே 23, கொமகாட்டா மாரு கப்பல்ல 376 பேர் வந்தாங்க. பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள். எல்லாருமே பிரிட்டிஷ் பிரஜைகள், அதுல சிலர் பிரிட்டிஷ் ராணுவத்துலயே இருந்தவங்க. அரசர் ஒருத்தர்தான், சாம்ராஜ்யம் ஒண்ணுதான், எங்கேயும் போகலாம்னு நம்பி வந்தாங்க. ஆனா சொந்த நாட்டுல இருந்து எங்கயும் நிக்காம நேரா வந்தவங்கதான் இறங்கலாம்னு 1908லயே விதி போட்டிருந்தாங்க. இந்தியாவுல இருந்து அப்படி நேரா வர்ற கப்பலே கிடையாது. யாரைத் தடுக்கணும்னு பேர் எழுதாமலே தடுத்த விதி அது. ஜூலை 23ல கப்பலைத் திருப்பி அனுப்பினாங்க. கொல்கத்தா பக்கத்துல பட்ஜ் பட்ஜ்ல இறங்கினப்ப போலீஸ் சுட்டு ஏறக்குறைய இருபது பேர் செத்தாங்க. 2016ல ஜஸ்டின் ட்ரூடோ பாராளுமன்றத்துல மன்னிப்புக் கேட்டார்.

கப்பல் திரும்பிப் போன ரெண்டே வாரத்துல போர் வந்துச்சு. பிரிட்டன் போருக்குப் போனதால கனடாவும் தானாவே போருக்குப் போச்சு, யாரும் தனியா அறிவிக்கக்கூட இல்ல. சாகறதுக்கு ஒரே சாம்ராஜ்யம், இறங்கறதுக்கு வேற வேற. வான்கூவர் துறைமுகத்துல ஒரு நினைவுச்சுவர் இருக்கு, பயணிகளோட பேரெல்லாம் பொறிச்சிருக்காங்க. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். அவ ஒவ்வொரு பேரா விரல் வெச்சு வாசிச்சா. "இவங்ககிட்டயும் ராஜா படம் போட்ட காசு இருந்திருக்குமாப்பா?"ன்னு கேட்டா. இருந்திருக்கும்.

செம்மண்வெளி (வினிப்பெக்)

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு வந்தேன். பூர்வகுடிகள் வரவேயில்லை. அவர்கள் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் கிரீ இனத்து அக்கா ஒருவர் பணப்பையில் ஓர் ஐந்து டொலர் தாளைத் தனியாக மடித்து வைத்திருப்பார். செலவழிக்கமாட்டார். ஒப்பந்த நாளில் கிடைத்த காசு அது. 1871இலிருந்து 1921 வரை மேற்கிலும் வடக்கிலும் பூர்வகுடிகளோடு எழுதப்பட்ட பதினொரு இலக்க ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின்படி ஆளுக்கு வருடத்துக்கு ஐந்து டொலர், இன்றைக்கும் அதே ஐந்து. பல இடங்களில் சிவப்பு உடுப்புப் பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்க, வரிசையில் நின்று வாங்குவார்கள். "இந்தக் காசுக்கு ஒரு பிடி சாப்பாடு வராது. ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கு எண்டதுக்கு இதுதான் சாட்சி" என்றார். "நாங்கள் கையைக் குலுக்கினது ஒட்டாவாவோடு இல்லை, ராணியோடு" என்றும் சொன்னார்.

அந்த நாளில் தலைவர்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் படத்தைத் தன் தொலைபேசியில் காட்டினார். ஒரு பக்கம் விக்டோரியாவின் முகம். மறுபக்கம் இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள், காலடியில் நிலத்தில் புதைத்த கோடரி, பின்னால் சூரியன். சூரியன் உள்ளளவும், புல் வளருமளவும், ஆறு ஓடுமளவும் என்ற வாக்கு. அதைக் கொடுத்த ஐந்தாறு வருடத்துக்குள், 1876இல், பூர்வகுடிகளைச் சிறுபிள்ளைகள் போல ஆளும் சட்டத்தை அதே முடியின் பெயரில் கொண்டுவந்தார்கள். 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வதிவிடப் பாடசாலைகளில் அடைத்து, நாக்கிலிருந்து மொழியைப் பிடுங்கினார்கள்.

2021 கனடா நாளன்று எங்கள் சட்டமன்ற வளவில் விக்டோரியாவின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து விழுத்தினார்கள். தலையை ஆற்றில் போட்டார்கள். நான் அந்த அக்காவிடம், "அப்ப மன்னராட்சி போகட்டும் எண்டுதானே நினைக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "போனால் எங்களுக்கு வாக்குக் கொடுத்த ஆள் யார்? கடனை அடைக்காமல் ஓட விடுறதோ?" என்றார்.

வெண்பனி, அதனால்தான் இதைப் பழைய சாயம் என்று என்னால் விட முடியவில்லை. எங்களுக்கு அது அடையாளம் பற்றிய கேள்வி. அவர்களுக்கு அது எழுதிக் கொடுத்த கடன்.

பனையோலை, அம்மாவின் கடதாசியில் இன்னும் கீழே வாசியுங்கள். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை வைத்தது. கடைசி, 94ஆவது, குடியுரிமை உறுதிமொழியை மாற்றச் சொன்னது. 2021இல் மாற்றினார்கள். பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்ற வரி அப்படி வந்ததுதான்.

கடற்காகம்

நான் ஏழு வருடம் நியூஃபவுண்ட்லாந்தில் சென்ட் ஜோன்ஸில் இருந்தேன். அங்கத்தைய ஜூலை 1 வேறு மாதிரி. நாடு முழுக்கக் கேக் வெட்டும் அந்தக் காலை அங்கே துக்கம். 1916 ஜூலை 1ஆம் திகதி பிரான்சில் போமொன்ட் ஹமெலில் அவர்களுடைய படைப்பிரிவு சுமார் 800 பேரோடு அகழியை விட்டு எழும்பியது. மறுநாள் பெயர் வாசித்தபோது பதில் சொன்னது 68 பேர். அப்போது அவர்கள் கனடியரே இல்லை, தனி டொமினியன், அதாவது சாம்ராஜ்யத்துக்குள் தன்னாட்சி நாடு. 1949இல்தான் கனடாவோடு சேர்ந்தார்கள். காலையில் நீலப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு போர் நினைவிடத்தில் நிற்பார்கள், மத்தியானத்துக்குப் பிறகுதான் கனடா நாள். பிரித்தானியா அவர்களுக்குப் பெருமையும் புண்ணும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க அவர்களுக்கே முடியாது.

1986 ஓகஸ்டில் அகதிகளாக வந்த எங்கட ஆக்கள் 155 பேரை இரண்டு உயிர்காப்புப் படகில் கண்டெடுத்ததும் அந்தக் கடலில்தான். மீன்பிடிகாரர் கயிறு போட்டு ஏற்றினார்கள். அவர்கள் யாருக்கும் முதலில் கடதாசி கேட்கத் தோன்றவில்லை.

வெண்பனி (மிசிசாகா)

செம்மண்வெளி, நன்றி. என் பிள்ளைகளிடம் கொடியின் கதையோடு அந்தப் பதக்கத்தின் கதையையும் இனிச் சொல்வேன். "சாயம்" என்பதை நான் மீளப் பெறுகிறேன்.

பனையோலை (ஸ்காபரோ)

உறவுகளே, நேற்று அம்மாவின் சத்தியப்பிரமாணம் முடிந்தது.

போன கிழமை முழுக்க உங்கள் பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். மலைச்சாரல், உங்கள் பதிவை இரண்டு தரம் கேட்டார். ஐந்து டொலர் தாளை எழுதிய இடத்தில் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு ராணியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்த வரியை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த துண்டைக் குளிரூட்டிக் கதவில் ஒட்டிவைத்துச் சமைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

மண்டபத்தில் முதலில் ஆங்கிலத்தில், பிறகு பிரெஞ்சில். எங்களுக்கு முன்னால் எரித்திரியாக் குடும்பம் ஒன்று, பக்கத்தில் பிலிப்பைன்ஸ் பெண்பிள்ளை ஒன்று. வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். மன்னரின் பெயர் வந்தபோது அம்மாவின் சத்தம் தாழ்ந்துதான் இருந்தது. சொன்னார், விடவில்லை. ஒப்பந்தங்கள் பற்றிய வரி வந்ததும் குரல் எழும்பியது. ஆங்கிலச் சொற்கள் நாக்கில் சிக்கினாலும் ஒன்றையும் விழுங்காமல் சொல்லி முடித்தார்.

வீட்டுக்கு வந்து மாலைத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சான்றிதழ் மேசையில் கிடந்தது. அலுமாரியின் அடித்தட்டில் சேலைக்குள் சுற்றிவைத்திருந்த சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, அதற்குள் இருந்து அந்த ரெண்டு சதக் குத்தியை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தார். அவள் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பம்மா, இவ ஆர்?" என்று கேட்டாள். அம்மா அவளைப் பக்கத்தில் இருத்தி, 1972இலிருந்து சொல்லத் தொடங்கினார்.